தமிழ் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது

பாரிசுக்குப் போகும் யோசனை என் மனைவியுடையது. அதை மலிவாகச் செய்யும் யோசனை என்னுடையது. யாருக்கும் சொல்லாமல் போவது மட்டும் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதனால் பின்னால் நடந்ததற்கு அவள்மீது பழி போட எனக்கு வழியில்லை.

2011இல் நாங்கள் சிட்னியில், பென்டில் ஹில்லில் இரண்டு அறை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். கலியாணம் முடித்துப் பதினொரு வருடத்தில் நாங்கள் போன ஒரே சுற்றுலா மெல்பேர்ண். அதுவும் ஸ்பிரிங்வேலில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் மூன்று நாள் இருந்து, சோறு தின்று, யாரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான். கடலைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே பாரிஸ் என்று பேச்செடுத்த அன்றே அவள் நிபந்தனை போட்டுவிட்டாள்.

"உங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்லப்படாது. சொன்னா நாலு நாளும் நாலு வீட்டுக் குசினிக்குள்ள சோறு திண்டு இருந்துபோட்டு வரவேண்டியதுதான்."

எனக்கும் அது சரியாகப்பட்டது. பாரிசில் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறான். அவனுக்குச் சொன்னால் பதினொரு வீட்டுக்குச் சொன்ன மாதிரி. பதினொரு வீட்டுக்கும் சொக்கலேற், பிள்ளைகளுக்கு உடுப்பு, பெரியவர்களுக்கு விற்றமின் போத்தல். போதாததற்குப் பென்டில் ஹில்லில் உள்ளவர்கள் தங்கள் சொந்தங்களுக்கென்று ஆளுக்கொரு பார்சல் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஓசி வீடுதான் உலகத்திலேயே விலை கூடிய ஹோட்டல் என்று நான் சொல்ல, அவளும் சிரித்தாள்.

விமானத்தில் ஏறிய பிறகு அடுத்த நிபந்தனை வந்தது. "அங்க போய்த் தமிழ் கேட்டாத் திரும்பிப் பாக்கப்படாது. பாத்தாக் கதை வரும். கதை வந்தா ஊரில எவடம் எண்டு கேப்பினம். அதோட நாங்கள் முடிஞ்சம்." அவள் சொன்னதில் பிழையில்லை. இரண்டே கேள்வியில் யாரையும் சொந்தக்காரராக்கிவிடும் கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. நான் தலையாட்டினேன்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்று சொல்லத்தான் வேண்டும். ஆறாம் மாடியில், லிப்ட் இல்லாத ஒரு அறை. கூரை சரிந்து வந்து கட்டில் தலைமாட்டில் இடிக்கும். காலையில் அறையிலிருந்த கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து நூடில்ஸ். மத்தியானம் நீட்டுப் பாணும் சீஸும் வாங்கி, பூங்கா வாங்குப் பலகையில் குந்தி, பென்டில் ஹில்லில் இருந்து கொண்டுபோன சீனிச் சம்பலைத் தடவிச் சாப்பிட்டோம். ரயிலுக்குப் பத்து ரிக்கற் கட்டாக வாங்கினால் லாபம் என்று கண்டுபிடித்தேன். இரண்டு தரிப்பிடம் என்றால் நடந்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு நூதனசாலைகள் இலவசம் என்று அறிந்து அந்த ஞாயிறு உள்ளே வரும்படிதான் விமான ரிக்கற்றே போட்டிருந்தேன். ஒரே நாளில் மூன்று நூதனசாலை பார்த்து, கால் வீங்கி, அவள் ஒரு சிலையின் காலடியில் இருந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கண்டு பல வருடமாகியிருந்தது.

தமிழ் கேட்கவும் செய்தது. ரயிலில், ஒரு தொலைபேசிக் கடை வாசலில். இருவரும் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டு வேற்று நாட்டவர் போல நின்றோம். கள்ளன் பொலிஸ் விளையாட்டுப் போல அது ருசியாக இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆற்றுப் பாலம் ஒன்றில் அவளை நிறுத்திப் படம் எடுத்தேன். எங்கிருந்தோ பலாக்கொட்டை சுடும் மணம் வந்தது. அவளுக்குப் பின்னால் ஒருவன், கடைகளில் சாமான் தள்ளும் வண்டியில் தகரத் தட்டு வைத்து, அந்த ஊர்க் கொட்டை ஒன்றைச் சுட்டு விற்றுக்கொண்டிருந்தான். படம் எடுத்து முடிந்ததும் அவள் அக்கரையில் தெரிந்த இலவசக் கழிவறையைத் தேடிப் போனாள். கொட்டை என்ன விலை என்று பார்க்க நான் வண்டிப் பக்கம் போனேன்.

வண்டியில் செருகியிருந்த காட்போட் மட்டையில் விலை எழுதியிருந்தது. ஒரு பொட்டலம் இரண்டு யூரோ. கூடிப்போச்சு என்று வாய்க்குள் முணுமுணுத்திருப்பேன் போலும்.

"அண்ணை, தமிழோ?"

நான் மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தொப்பியில சிட்னி எண்டு கிடக்கு. சிட்னியோ அண்ணை?" குரல் கிட்ட வந்தது. "காசுக்கு இல்லை. ஒரு விசயம் கேக்கவேணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால் பயமும் வந்தது. காசுக்கு இல்லை என்று தொடங்குகிற கதைகள் எல்லாம் காசில்தான் முடியும் என்று சிட்னியில் எனக்குப் பழக்கம். "சொறி, நோ தமிழ்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வண்டிச் சில்லு ஒன்று கிரீச்சிட்டுக்கொண்டு பத்தடி தூரம் பின்னால் வந்தது. பிறகு நின்றுவிட்டது. மனைவிக்கு நான் இதைச் சொல்லவில்லை.

பென்டில் ஹில்லில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அன்ரி அறை எடுத்திருந்தார். மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கர். படகில் ஆஸ்திரேலியா வந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். இமிக்ரேஷன் கடிதம் வந்தால் என் மனைவியிடம் கொண்டுவந்து வாசிப்பிப்பார். அவருடைய ஒரே மகன் 2008இல் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். மொஸ்கோவில் நிற்கிறேன், அடுத்தது பிரான்ஸ் என்று ஊர்க் கடைத் தொலைபேசிக்கு எடுத்துச் சொன்னதுதான் கடைசி. பிறகு சண்டையில் கடையும் இல்லை, ஊரும் இல்லை. அன்ரி முகாமிலும் இந்தியாவிலும் கடலிலுமாக அலைந்தார். அவன் எந்த நாட்டில், எந்தப் பெயரில் இருக்கிறான் என்று இவருக்குத் தெரியாது. தாய் எங்கே என்று அவனுக்கும் தெரியாது.

அடுத்த தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடிதத்தோடு வந்தவரை மனைவி மறித்து, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, டிவியில் பாரிஸ் படங்களைப் போட்டுக் காட்டினாள். போய்வந்த பிறகு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அன்ரி மரியாதைக்கு ஒவ்வொரு படத்துக்கும் "வடிவு, வடிவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாலத்துப் படம் வந்து போனது.

"பிள்ளை, நில்லுங்கோ. அதைத் திருப்பிப் போடுங்கோ."

கதிரையை விட்டெழும்பி டிவிக்குக் கிட்டப் போனார். என் மனைவியின் தோளுக்குப் பின்னால் நிற்பவனை விரலால் தொட்டார். அவன் ஒரு கையைப் பிடரியில் வைத்து, ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றான். "இது அவன்ர நிலை," என்றார். "சின்னனில இருந்து இப்பிடித்தான் நிப்பான்." மனைவி படத்தைப் பெருப்பித்தாள். முகம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகக் கறை மட்டும் வந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அந்த ஆளோட கதைச்சனீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை. அவன் தமிழன் இல்லை. வங்காளி போல கிடந்தது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். வேறொன்றுமில்லை. அன்ரி மெல்ல வந்து கதிரையில் இருந்தார். "அப்ப எனக்குத்தான் பிழைச்சுப் போச்சாக்கும்," என்றார். போகும்போது மட்டும் அந்தப் படத்தில் ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. பென்டில் ஹில் கார் பார்க்கில் யாராவது தள்ளுவண்டி தள்ளினால் முதுகு கூசியது. கடை வரிசையில் பின்னால் நிற்பவர் "அண்ணை" என்றால், யாரை என்று பார்க்கும் முன்பே எனக்கு வியர்த்தது. களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்டைப் பின்பக்கம் எடுக்கும்போது கண்ணாடியில் யாரோ நிற்பது போல இருக்கும். நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை எச்சரித்தார். கேட்கவேண்டிய அந்த ஒரு விசயம் என்ன? பல்லுத் தீட்டும்போதும் அதையேதான் யோசித்தேன். படகுகளில் வந்தவர்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கலாம். சிட்னித் தொப்பி போட்ட எல்லோரிடமும் தாயைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

ஆனியில், நல்ல சிட்னிக் குளிரில், மனைவி கொடுத்துவிட்ட சாப்பாட்டோடு அன்ரியின் அறைக்குப் போனேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் பாலத்துப் படம் ஒட்டியிருந்தது. என் மனைவி நின்ற பாதியை மடித்துப் பின்னால் விட்டிருந்தார். மிச்சப் பாதிக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. வங்காளி என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சாப்பாட்டுப் பெட்டியை வைக்காமலே சொன்னேன்.

"அன்ரி, அவன் தமிழில கதைச்சவன்."

முழுவதையும் சொன்னேன். மனைவி போட்ட நிபந்தனையை, தொப்பியை, காசுக்கு இல்லை என்று அவன் சொன்னதை, நான் சொன்ன பதிலை. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் எழும்பி, பைபிளுக்குள் இருந்த ஒரு படத்தை எடுத்து என் கையில் தந்தார். கோயில் திருவிழாவுக்குப் போட்ட புதுச் சேட்டோடு ஒரு பெடியன்.

"இவனோ தம்பி? வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். ஓம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அந்த மட்டையில் இரண்டு யூரோ என்று எழுதியிருந்த எழுத்தின் சரிவு ஞாபகம் இருக்கிறது. கரி படிந்த விரல்கள் ஞாபகம் இருக்கின்றன. முகத்தை நான் பார்க்கவேயில்லை. பார்த்தால் கதை வரும் என்று பார்க்கவில்லை. அதையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்ரி படத்தை வாங்கிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அவன் உங்களைப் பாத்தவனோ?"

"ஓம் அன்ரி. பாத்தவன்."

"அப்ப அவனுக்கு உங்கட முகம் தெரியும்."

இதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னார். தற்காலிக விசாவில் அவரால் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. என்னால் முடியும். அவர் கேட்கவில்லை, நானும் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பாரிசுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ," என்றாள். என்ன செலவாகும் என்று அவள் கேட்கவில்லை.

2012 ஒக்டோபரில், மிகமிக மலிவான ரிக்கற் எடுத்து, இரண்டு விமான நிலையங்களில் தரையில் படுத்து, தனியாகப் போனேன். இந்த முறை மச்சான் வீட்டில் தங்கினேன். "போன வருசம் வந்து நிண்டுபோட்டு ஒளிச்சுப் போனனீ என்ன!" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டான். பதினொரு வீட்டிலும் சாப்பிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் பெடியனின் படத்தைக் காட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. "கொட்டை விக்கிறவங்கள் ஓரிடத்தில நிக்க மாட்டாங்கள். பொலிஸ் வந்தா வண்டியை விட்டிட்டு ஓடுவாங்கள்," என்றான் மச்சான்.

பகல் முழுவதும் அதே பாலத்தில், அதே இடத்தில், அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றேன். வருகிறவர் போகிறவர் பார்க்க வசதியாக, ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றேன். தமிழ் கேட்ட பக்கமெல்லாம் திரும்பினேன். ஒரு தாயும் மகளும் பயந்து விலகிப் போனார்கள். மழை பெய்தது. விமானத்தைப் பிடிக்கும் வரை நாலு நாள் நின்றேன். என்னை அடையாளம் கண்டு ஒருவரும் வரவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு நின்றீர்களா என்றுதான் அன்ரி முதலில் கேட்பார் என்று தெரியும் என்பதால் அதைக் கழற்றவேயில்லை.

மூன்றாம் நாள் மட்டும், கொட்டை விற்கும் வேறொரு பெடியன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தான்.

"அண்ணை, மூண்டு நாளா இதில நிக்கிறியள். ஆரையும் தேடுறியளோ?"

அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இடப்பக்கப் புருவத்தில் ஒரு வெட்டுக்காயம். முன்பல் ஒன்று இல்லை. அன்ரியின் மகன் இல்லை. படத்தைக் காட்டினேன். கரி விரலை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்து, தெரியாது என்று தலையாட்டினான். ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"உங்களுக்கு இவர் என்ன முறை அண்ணை?"

பொட்டலம் கையில் சுட்டது.

"என்னை அண்ணை எண்டு கூப்பிட்டவர்," என்றேன்.