அக்காவின் பாட்டுக்காக வாங்கிய லாட்ஜ் கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செத்த கரப்பான்கள், பல்லி முட்டை ஓடுகள், ஃபேன் இறக்கைகளில் பிசுக்கோடு அப்பிக்கிடந்த குங்குமம். கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில் பல வருஷம் உழைத்த சாமான். "வருஷா வருஷம் ஆயுத பூஜை போட்டிருக்கோம் சார், ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல" என்று பெருமையாகச் சொல்லித்தான் மேனேஜர் என் தலையில் கட்டினார். காற்று போகிற ஓட்டைகளிலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறார்கள். பக்தியாம், த்தூ!

அக்காவுக்காகத்தான் இதை வாங்கினேன். அவளுக்குத் தைராய்டு கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்படியில் அவள் பாடுவதை யாரும் ஒரு தடவைகூடப் பதிந்து வைத்ததில்லை. அதற்குள் ஒரு பாட்டையாவது பிடித்துவிட வேண்டும்.

"செல்லுல புடிச்சா போதாதாடா? என்னாத்துக்கு இவ்ளோ பாடு?" என்றாள்.

"செல்லுல புடிச்சா தகர டப்பாவுல பாடினாப்ல இருக்கும். நீ சும்மா இரு."

எனக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்குக் காசு கொடுக்கவும் மனசு வராது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் நாலு நாள் சுரண்டினேன். சோறு இறங்கவில்லை. கூடுதல் மெமரி போட்டு, இலவசமாகக் கிடைத்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ஏற்றிப் பதிந்து பார்த்தால், ஃபேன் சத்தம் கிரைண்டர் ஓடுவதுபோல் கேட்டது. பெட்டியைக் கூடத்தில் வைத்து, நீளமாக ஒயர் இழுத்து, புதிதாக வாங்கிய மைக்கை மட்டும் அறைக்குள் கொண்டுபோனேன். அதற்கு இன்னொரு நாள் போயிற்று. மறுநாள் காலை அக்கா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

மைக் முன்னால் அவளை உட்கார வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டேன். திரும்ப அறைக்குள் போனால், மைக்கின் வலையில் சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"புது சாமான்டா. பொட்டு வெக்காம எப்டி ஆரம்பிக்கிறது?"

"அறிவிருக்கா உனக்கு? நாலு நாளா இந்தக் கருமத்தத்தான சுரண்டினேன்! மறுபடியும் அதையே கொண்டாந்து அப்புறியே, சீ!" அவள் என்னவோ சொன்னாள். நான் நிறுத்தவில்லை, கத்திக்கொண்டே இருந்தேன்.

முந்தானையால் மைக்கைத் துடைத்தாள். பாட வாயெடுத்தவள், மைக்கைத் தள்ளி வைத்தாள். "இன்னிக்கு வரலடா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து பாடறேன்" என்று எழுந்து போனாள். நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ரெக்கார்டிங்கை நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் கரகரத்துப்போனது. இப்போது அவள் பாடுவதில்லை.

போன வாரம் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். ஃபேன் சத்தம் துளிகூட இல்லை. என் "சீ" அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. கேட்கக் கேட்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் கத்தலுக்கு அடியில், அக்காவின் பழைய குரல்: "சரிடா, தொடச்சிடறேன். கோவப்படாத."

என் கத்தலை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று எவ்வளவோ முயன்றேன். எங்கே வெட்டினாலும் அவளும் சேர்ந்து போய்விடுகிறாள்.