தராசுக்குத் தெரியாத எடை

இன்று முத்தாண்டிக்குப்பத்தில் குழந்தைகளுக்கு எடை பார்த்தேன். நான் தராசைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கம்பவுண்டர் நோட்டில் எழுதினார்.

முதல் பையனுக்குப் பத்து மாதம், கொழுகொழுவென்று இருபது ராத்தல். நான் வாய் திறப்பதற்குள் அவன் அம்மா காதோரம் வந்தாள்.

"எல்லாரும் பார்த்துக்கினு இருக்காங்க நர்சம்மா. கண்ணு பட்டுடும். கொறச்சி சொல்லுங்க."

"பன்னிரண்டு" என்றேன்.

விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. "எங்க புள்ளைக்கும் அப்படியே சொல்லுங்கம்மா" என்றார்கள். சொன்னேன்.

சாயங்காலம் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் நோட்டு நெய்வேலிக்கு, டாக்டர் மேசைக்கே போய்விட்டது.

"சுரங்கத்துல சம்பளம் வாங்குற ஊர்ல இத்தனை பட்டினியா?" என்று பதறி, நாளைக் காலை ஜீப்பில் நேரில் வருகிறாராம்.

முப்பது குண்டுக் குழந்தைகளை விடிவதற்குள் இளைக்க வைக்க வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.