பெரியப்பாவின் மானிட்டர்

பெரியப்பா எதையும் சும்மா கொடுத்ததில்லை. கொடுத்தால் அதன் சரித்திரத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பார். நாங்கள் குடியிருந்த மாடி போர்ஷனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அப்பாவின் ஜெராக்ஸ் கடை நொடித்துப்போனதும், கூடப் பிறந்தவனைத் தெருவில் விட மனமில்லாமல் பெரியப்பா எங்களைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்ததும் அதில் தவறாமல் வரும். மாடியில் இருந்த மின்விசிறிக்கும், அப்பா ஓட்டிய சைக்கிளுக்கும், ஏன், என் ஸ்கூல் பைக்கும்கூடத் தனித்தனியாகச் சரித்திரங்கள் இருந்தன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கே அவை மனப்பாடம். நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் அந்தப் பட்டியலில் ஒரு மானிட்டரும் சேர்ந்துகொண்டது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். அந்த சர்ட்டிபிகேட்டுகள் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு, வீட்டிலிருந்தபடியே டைப் அடித்து அனுப்பும் வேலை ஒன்று சென்னையில் ஒரு கம்பெனியில் இருப்பதாக யாரோ சொல்ல, அம்மா அப்ளை செய்தாள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு டெஸ்ட் என்று பதில் வந்தது. பிரவுசிங் சென்டருக்கெல்லாம் போகக்கூடாது, எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யப்போகிறீர்களோ அதிலேயே வீட்டிலிருந்து எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். திருவானைக்காவலில் ஒரு சின்ன போர்ஷனை அம்மா பார்த்து வைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாள். இரண்டு அறை, பின்னால் ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். அந்த வீட்டுக்கு எந்தச் சரித்திரமும் கிடையாது. அப்பாவிடம்கூட இப்போதைக்குச் சொல்லாதே என்றாள். நானும் சொல்லவில்லை. சொல்லாதே என்று சொன்னால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த குழந்தைதான் நான்.

கம்ப்யூட்டரைப் பெங்களூரிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த குட்டி ரகம். என் சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கீபோர்டும் மௌஸும் வைத்திருந்தார், மானிட்டரை மட்டும் திருச்சியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டுக்குள் எந்தப் பார்சல் வந்தாலும் கீழே ஹாலில், பெரியப்பாவுக்கு முன்னால் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் மீறியவர் யாருமில்லை. பெரியப்பா பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்டியைப் பிரித்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு, மானிட்டருக்கு எதற்குத் தண்டச் செலவு, என்னுடையதே பரணில் சும்மா கிடக்கிறது என்றார். அப்பா உடனே ஏணியை எடுத்து வந்தார். அண்ணா வாயைத் திறப்பதற்குள் ஏணியோடு நிற்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை.

பழைய வேஷ்டியில் சுற்றிய மானிட்டர் இறங்கியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இந்த மாட்டைக் கட்டுவதற்கே வழியில்லை. வி.ஜி.ஏ. என்று சொல்கிற அதன் ஒயரின் முனை நீல நிறத்தில், பதினைந்து ஊசிகளோடு அகலமாக இருந்தது. புதிய கம்ப்யூட்டரில் அப்படிப்பட்ட துளையே இல்லை. பட்டையாக, சின்னதாக எச்.டி.எம்.ஐ. என்ற வேறு ஒன்றுதான் இருந்தது. பெரியப்பா அந்த நீல முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நடுவில் மாட்டுவதற்கு ஒரு டப்பா விற்பார்கள், நாளைக்கு நானே போய் வாங்கி வருகிறேன் என்று அறிவித்தார். அம்மாவுக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும்தான்.

கடையில் எதையும் வாயால் கேட்கிற வழக்கம் பெரியப்பாவுக்குக் கிடையாது. கத்தரிக்காயாக இருந்தாலும் துண்டுச்சீட்டில் எழுதி, தேதி போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டுத்தான் நீட்டுவார். பாங்கில் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தெப்பக்குளம் போய், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்பு டப்பா ஒன்றை வாங்கி வந்தார். அதன் ஒரு பக்கத்தில் மானிட்டர் ஒயர் கச்சிதமாகப் பொருந்தியது. மறுபக்கத்தில் கம்ப்யூட்டர் ஒயரும் கச்சிதமாகப் பொருந்தியது. டப்பாவில் சிவப்பு விளக்குகூட எரிந்தது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டே இருந்தது. கழற்றினார், ஊதினார், மாட்டினார். பெரியம்மா தளிகை ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை அந்த எழுத்தைப் பார்த்தபடியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினாள். இறங்கி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பெரியப்பா பெருமாளுக்குத் திருவாராதனத்தை முடித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் வழக்கம்போல் காபிக்கு வந்திருந்தார். எப்போதும் பெரியம்மா கொண்டுபோகும் காபியை அன்று அம்மா கொண்டுபோனாள். நான் யூனிபார்மில், அந்தக் கறுப்பு டப்பாவை அதன் அட்டைப்பெட்டியோடு கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்பா பெரியப்பாவை அண்ணா என்பார், அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அண்ணா, நீங்க சரியாத்தான் கேட்டிருப்பேள். கடைக்காரப் பையன்தான் ஞாபகமறதியா வேற டப்பாவை எடுத்துக் குடுத்துட்டானோ என்னமோ. நீங்க போய் நின்னா மறுபேச்சு பேசாம மாத்திக் குடுத்துடுவான்."

பெரியப்பா காபியை ஆற்றுவதை நிறுத்தினார். ஆமாம், அந்தப் பையன் போனில் பேசிக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தான் என்றார். இந்தக் காலத்துப் பசங்களைப் பற்றிச் சிநேகிதரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். ஒன்பதரைக்குக் கடை திறப்பார்கள், பத்தரைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, பெரியம்மாவிடம் குடையை எடுக்கச் சொன்னார்.

நான் அதற்குள் டப்பாவின் மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்து முடித்திருந்தேன். மானிட்டர் ஒயர் மாட்டிய பக்கத்தில் 'இன்' என்றும், கம்ப்யூட்டர் பக்கத்தில் 'அவுட்' என்றும் போட்டிருந்தது. பழைய கம்ப்யூட்டரின் படத்தைப் புதிய டிவிக்கு அனுப்புகிற டப்பா அது. எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். எதிர்த் திசையில் அது வேலை செய்யாது. டப்பா வந்த அட்டைப்பெட்டிக்குள் கடைக்காரர் பெரியப்பாவின் சீட்டையும் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தார். மானிட்டரைப் பார்த்தபடியே எழுதியிருப்பார் போலிருக்கிறது, அதன் பெயர் முதலில் வந்துவிட்டது. 'வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் டப்பா, ஒன்று.' தேதி. கையெழுத்து.

"கடைக்காரர் மேல தப்பு இல்ல பெரியப்பா. நீங்கதான் மாத்தி எழுதிட்டேள். இதோ பாருங்கோ."

சீட்டை நீட்டினேன். அதைச் சிநேகிதர் வாங்கிப் படித்தார். டப்பாவையும் வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். "என்ன ஓய், மேனேஜரே டெபிட்டையும் கிரெடிட்டையும் மாத்திப் போட்டுட்டீரே" என்றார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பெரியம்மா கொண்டுவந்த குடையை வேண்டாமென்று கையை ஆட்டினார். "என் மானிட்டர்ல ஒரு கோளாறும் கிடையாது. உன் தம்பி அனுப்பின மெஷின்தான் டூப்ளிகேட்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு எழுந்து ஒயரைப் பிடுங்கி, மானிட்டரை அவரே தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று பெரியம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசியதற்காக அவரைச் சேவிக்கச் சொன்னாள். அறை வாசலில் நாலு தடவை விழுந்து சேவித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு எல்லாமே காதில் விழுந்திருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அப்பாவின் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை.

அன்று என்னை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. பதினொரு மணி அடித்தபோது அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கீழே ஹாலுக்குப் போய், பெரியப்பாவின் காதில் விழும்படியாகவே மாமாவுக்குப் போன் போட்டு, நீ அனுப்பிய மெஷினில் ஏதோ கோளாறு, திருப்பி அனுப்புகிறேன் என்று சொன்னாள். மறுநாளே அனுப்பியும் விட்டாள். தம்பியின் மச்சினன் எங்கள் தலையில் கட்டப் பார்த்த டூப்ளிகேட் கம்ப்யூட்டரைத் தான் கண்டுபிடித்த சரித்திரத்தைப் பெரியப்பா அதற்குப் பிறகு வந்த எல்லா விசேஷங்களிலும் சொன்னார். நாங்கள் இன்னும் ஆறு வருஷம் அந்த மாடியிலேயே இருந்தோம்.

உண்மையைச் சொல்லி அடி வாங்கிய பெருமை எனக்கு நெடுநாள் இருந்தது. காலேஜ் நாட்களில் அம்மாவோடு சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவேன். பெரியப்பாவுக்குப் பயந்து பெற்ற பெண்ணை அடித்தவள் நீ என்பேன். அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள்.

போன வருஷம் வேலை விஷயமாகப் பெங்களூர் போனபோது மாமா வீட்டில் தங்கினேன். பேச்சுவாக்கில் அந்தக் கம்ப்யூட்டர் பற்றி வந்தது. அது அவர் வீட்டில் ஐந்து வருஷம் ஒழுங்காக ஓடியதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா மொட்டை மாடியிலிருந்து அவரிடம்தான் பேசியிருக்கிறாள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, திசை மாறியிருக்கிறது என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். காலையில் நீயே போய் மாற்றிவிடு என்றாராம். அதற்கு அம்மா சொன்னதை அவர் மறக்கவில்லை.

"நான் போனா அவர் தப்புப் பண்ணினதா ஆயிடும்டா. அப்புறம் மானிட்டர் கிடைக்காது. கடைக்காரன் மேல போட்டு அவரையே அனுப்பறேன். அவரா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்."

அப்புறம் ஏன் நடக்கவில்லை என்பது மட்டும் இன்றுவரை புரியவில்லை, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று மாமா கேட்டார். அவரிடம்கூட அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஞாபகமில்லை என்று சொன்னேன்.

ஞாபகம் இருக்கிறது. அன்று மத்தியானம் அம்மா எனக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு, டப்பாவைப் பற்றி நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். சரிதான் என்றாள். அப்படியானால் அடித்ததற்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். கேட்டாள்.