அறுபத்து நான்கு குட்டிகள்

எண்டர் பொத்தானுக்கு மறுபடியும் ஒரு குத்து. என் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில் ஆடுகிறது. "எவ்வளவுதான் குட்டி போடுவே, பாத்துடறேன்," என்று திரையைத் திட்டுகிறார் கறார் அக்கா. இந்த வருடத்தில் இது மூன்றாவது கீபோர்டு.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பு அவருக்கு. எதிர் மேசையில் போன் எடுப்பவள் நான். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கிளையாகப் பிரிந்து ஓடலாம் என்று வரம்பு எழுதி வைப்பார். மீறினால் கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஆளும் கெர்னல் தடுத்துவிடும். கிளையை அவர் குட்டி என்பார். "தாய்க்கு என்ன வரம்போ, குட்டிக்கும் அதே. செல்லம் கொடுக்கறதெல்லாம் வீட்டோட." வீட்டிலும் கிடையாதாம். ஒரு மணி நேரம் டி.வி. ஓடியதும் ரிமோட் அம்மாவின் கைப்பைக்குள் போய்விடும் என்று அவர் மகள் என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

மேலாளருக்கென்று ஓர் அறிக்கை புரோகிராம் உண்டு. மேலிடத்துக்குக் கலர் கலராய்ப் படம் காட்டுவதைத் தவிர அதனால் ஒரு மண்ணும் இல்லை. அறுபத்து நான்கு குட்டிக்கு மேல் கூடாது என்று அக்கா கட்டி வைத்திருந்தார். "மெதுவா ஓடுதும்மா, எடுத்து விடு," என்று போன மாதம் நச்சரித்து, வரம்பை நீக்க வைத்தார் மேலாளர். அன்றைக்கே அது ஆயிரக்கணக்கில் குட்டி போட்டது. மெமரி தீர்ந்துவிட்டால் கெர்னல் பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கொன்றாக வேண்டும். குட்டிகள் ஒவ்வொன்றும் பொடிசு. இருந்ததிலேயே பெரியது வண்டி அனுப்பும் புரோகிராம். அதைக் கொன்றுவிட்டது.

"தின்னது எதுவோ, செத்தது எதுவோ!" என்று பல்லைக் கடித்தார் அக்கா.

பதினோரு நிமிடம். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. "அப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க, கிளம்பிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். விசாரணைக் காகிதத்தில் வந்ததோ அக்காவின் பெயர். தட்டியது அவர் விரல்தானே! வாயால் சொன்னவருக்கு என்ன வந்தது? இன்னொரு முறை நடந்தால் அக்காவுக்கு வேலை இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

அக்கா வரம்பை அறுபத்து நான்குக்கே திருப்பிவிட்டார். இன்று காலை மறுபடியும் மேலாளர் வந்து நிற்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "மதியம் மீட்டிங்மா. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்து விடேன்."

"எழுதிக் கொடுங்க சார்."

"அட, இதுக்கெல்லாமா எழுதுவாங்க?"

அக்கா தன் பெயரில் திறந்திருந்த திரையை மூடினார். எழுந்தார்.

"உங்களுக்கும் பாஸ்வேர்ட் இருக்கு. உங்க பேர்ல உள்ள போய், உங்க கையால தட்டுங்க."

என் போன் ஒலித்தது. மேலாளர் அதைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், உட்காரவில்லை. அக்கா நாற்காலியை அவர் முழங்காலில் இடிக்கும்வரை தள்ளினார்.