பாலிகஞ்சுக்குப் போகாத மினிபஸ்

1999 மே மாதம். காலை எட்டு மணிக்குக் கல்கத்தாவில் இறங்கினேன். முதல் நாளே வந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் விமானம் தாமதமாகி ஒரு நாளைத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது அந்த ஒரே பகல். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி அக்காவும் அவரும் அன்று மாலையே ஹவுராவில் ரயில் ஏறுகிறார்கள். நான் கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவுக்குப் போன பிறகு, பதினொரு வருடமாக அக்கா முகத்தைப் பார்த்ததில்லை.

"மூணு மணிக்குள்ள பாலிகஞ்ச் வந்துரு, சேந்து சாப்பிடுவோம். அஞ்சு மணிக்கு வீட்டப் பூட்டணும். போனை முன்னாடியே புடுங்கிருவாங்க, பாத்துக்கோ" என்று போன வாரம் சொல்லியிருந்தாள்.

பயணச் செலவு நான் வேலை பார்க்கும் தேயிலைக் கம்பெனியுடையது. ஆகவே முதலில் அவர்கள் வேலை. பார்க் தெருவை அடுத்த ஒரு சந்தில் விடுதி. பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பும்போது மேலாளர் வாசலில் போன மினிபஸ்ஸைக் காட்டினார். "பாலிகஞ்ச். இதே இடத்தில் நில்லுங்கள்." நானும் கெட்டிக்காரி போல எண்ணைப் பார்த்துக்கொண்டேன், பஸ் இடது பக்கம் போவதையும் பார்த்துக்கொண்டேன்.

மதியம் இரண்டேகாலுக்கு அதே வாசல். முதலில் டாக்சி பார்த்தேன். ஒருவர் நிறுத்தினார், "பாலிகஞ்ச்" என்றதும் "ஜாபோ நா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். வரமாட்டாராம். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். மூன்றாமவர் வாயைத் திறக்கவும் சோம்பல்பட்டு கையை மட்டும் அசைத்தார். சவாரி ஏற்றாமல் எதற்காக டாக்சி ஓட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பக்கத்து டீக்கடையில் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒருவர் மெட்ரோவில் போங்கள் என்றார். இன்னொருவர் அது சுற்று, டிராம்தான் சரி என்றார். கண்ணாடி போட்ட மூன்றாமவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, டிராமைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆரம்பித்தார். குரல்கள் உயர்ந்தன. கேட்டவள் நான் ஒருத்தி நிற்பதையே மறந்துபோனார்கள். அந்த நேரம் பார்த்து என் எண் போட்ட மினிபஸ் வந்தது. எண்ணை மட்டும் பார்த்து ஏறிவிட்டேன்.

வியர்வையும் நெரிசலுமாக முக்கால் மணி நேரம். எட்டிப் பார்த்தால் முன்னால் ஹவுரா பாலம்! நெரிசலில் கண்டக்டர் அப்போதுதான் என்னிடம் வந்தார்; காசை நீட்டி, பாலிகஞ்ச் என்றேன்.

"பாலிகஞ்ச்? ஓ தோ உல்டா, தீதி!"

அது எதிர்ப்பக்கமாம். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

ஹவுராவில் இறங்கித் திரும்பிப் போகலாம் என்றால் பாலத்தில் ஏதோ ஊர்வலம், வண்டிகள் நகரவேயில்லை. மணி நாலு தாண்டியது. இனி பாலிகஞ்ச் போனாலும் பூட்டிய கதவுதான். எப்படியும் அவர்கள் இங்கேதானே வரவேண்டும் என்று பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தேன். ஐந்தரை ஆனது, ஆறானது. ரயில் வந்து நின்றது. அவர்களைக் காணோம். இந்த ஊரையும் இதன் டாக்சிகளையும் டிராம் பண்டிதரையும் வாய்க்கு வந்தபடி வைதேன்.

ரயில் கிளம்பச் சில நிமிடங்கள் இருக்கும்போது கூலியாளின் பின்னால் ஓடி வந்தாள் அக்கா. தலை நரைத்திருந்தது. கையில் தூக்கு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இங்கயா இருக்க? ஒனக்காக வாசல்லயே நின்னேன். இவர் கத்துதாரு, நான் நகரமாட்டேன்னுட்டேன்."

"வாசல்ல வந்த பஸ்லதாங்க்கா ஏறுனேன். காலைல அது பாலிகஞ்ச் பக்கந்தான போச்சு!"

"மத்தியானத்துக்கு மேல ஒன்வே மாறிரும்லா! காலைல ஒரு பக்கம், சாயங்காலம் எதிர்ப்பக்கம். சொல்லலியா நான்?"

"சொல்லல."

"இது தெரியாதவங்களும் உண்டுமான்னு..."

"ஏறு வசந்தா, வண்டி எடுக்கான்!" என்று அத்தான் அவளை உள்ளே இழுத்தார். ஜன்னல் வழியாகத் தூக்கை என் கையில் திணித்தாள். வண்டி நகர்ந்தது. அப்போதும் அவள் கத்தியது ஒன்றுதான்: "திரும்பிப் போறப்ப கேட்டு ஏறுட்டி!"

பதினொரு வருடம் கழித்து அக்காவும் தங்கையும் பேசியதெல்லாம் போக்குவரத்துதான். தூக்கில் புளிசாதமும் அப்பளமும் இரண்டு பேருக்கு இருந்தன.

ஈப்போவில் காலையில் போன பக்கமே மாலையிலும் சாலை போகும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே எந்தச் சாலையில் போனாலும் அக்கா வீடு வராது.