செத்த வால்வின் சத்தம்

கிடாருக்கு வைக்கிற வால்வு ஆம்ப்பின் சத்தத்தில் ஒரு கதகதப்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கதகதப்பு இருக்கத்தான் செய்யும். பின்பக்கம் கையை விட்டுப் பார், தோல் உரியும். இந்தக் காலத்தில் எவனாவது அதைத் தூக்குவானா, காலடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் உலகத்து ஆம்ப் எல்லாம் அதற்குள் இருக்கிறதே என்று பேசுகிறவனைக் கண்டாலும் எரிச்சல்தான். இரண்டு பேரில் எனக்குக் கெடுதல் செய்தவன் இரண்டாமவன். அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். முகூர்த்த நாள்களில் ரிசப்ஷன்களில் கிடார் வாசிக்கிறேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்த மண்டபத்தில் கூப்பிட்டாலும் எங்கள் குழு போகும். என் ஆம்ப் ஒரு கல்லூரி பேண்ட் கலைந்தபோது என் கைக்கு வந்தது. கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற கருவி. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போலக் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பேசாது, வால்வு சூடேற வேண்டும். அதனால் குழுவை நடத்துகிற பாடகர் அதற்கு டியூப்லைட் என்று பெயர் வைத்தார். சில நாள் எனக்கும் அதே பெயர்தான்.

"டியூப்லைட்டு எரிஞ்சிச்சா மாமே? ஜனம் பந்திக்குப் பூடப் போவுது," என்பார்.

சேக்காட்டில் என் வீடு முதல் மாடி. அதைப் படியில் இறக்கி, ஷேர் ஆட்டோக்காரனிடம் திட்டு வாங்கி, இரண்டு பேர் உட்காரும் இடத்துக்குக் காசு கொடுத்துக் கொண்டுபோவேன். இடுப்பு போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசும், அழுத்தினால் உறுமும். அதில் வாசித்தால் நான் வாசிப்பது எனக்கே பிடித்திருந்தது. வேறு காரணம் கிடையாது.

எங்கள் கீபோர்டுக்காரன் கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி. வேலை, ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட். நல்லவன் என்று எல்லாரும் சொல்வார்கள். கெட்டவனாக இருந்திருந்தால் அவன் காலடிப் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்த அன்றே கதவைச் சாத்தியிருப்பேன்.

"எதுக்குங்ணா இதைச் சுமக்கறீங்க? ஒருக்கா நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. உங்க டோனை அப்படியே காப்பி எடுத்து நம்ம பெட்டில போட்டுர்றேன்," என்றான்.

இடுப்பு வலி சொன்னதைக் கேட்டுப் போனேன். ஆம்ப்பின் முன்னால் மைக் வைத்தான். அவன் பெட்டி என் ஆம்ப்புக்குள் என்னென்னவோ சத்தம் அனுப்பியது. கொசு மாதிரி, விசில் மாதிரி, தகரக் கூரையில் மழை மாதிரி. கீழ் வீட்டுக்காரர் மணியடித்து, "டிரில்லிங்கா சார்? சண்டே அலவ்டு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. கிடார் வயரைப் பெட்டியில் செருகி வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். அதேதான். மறுக்க மாட்டேன். என் ஆம்ப் வாயை மூடிக்கொண்டு மூலையில் இருக்க, அதன் குரல் பெட்டியிலிருந்து வந்தது.

"பேரு என்னன்னு வெக்கட்டுங்ணா?"

"ஒரு எழவும் வெக்காத."

"அப்ப சேக்காடுன்னு வெச்சுக்கறேன்," என்று சிரித்தான்.

அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று, ஆம்ப்பின் இரண்டு பெரிய வால்வுகளும் சாகிற நிலையில் இருந்தன. கொஞ்ச நாளில் ஆவடி மண்டபம் ஒன்றில், பாட்டின் நடுவிலேயே ஒரு வால்வு காய்ச்சின இரும்பு மாதிரி சிவந்து ஃபியூஸ் போயிற்று. இரண்டையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியது போட்டேன். ஆம்ப் வேறு ஆளாகிவிட்டது. பேஸ் என்கிற அடிச்சத்தம் கெட்டியாக, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. அதற்கு முன்னால் சத்தம் குழைந்து, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்து வரும். தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி. அது நோய் என்று தெரியாமலே எல்லாரும் அதற்குப் பழகியிருந்தோம்.

அடுத்த ரிசப்ஷன் வேலப்பன்சாவடியில். மதியம் மேடையில் ஆம்ப்பை வைத்து, சூடேற விட்டு, நாலு அடி வாசித்தேன். பாடகர் மைக்கைக் கீழே வைத்தார்.

"இன்னா நைனா, உன் சவுண்டே இல்லியே. தகரத்துல ஆணி அடிக்கிற மாரி கீது."

"புது வால்வு. இதான் சரியான சவுண்டு."

"எவன் சொன்னான்? எனுக்குக் காது இல்லியா?"

கீபோர்டுக்காரன் குறுக்கே வந்தான். "உங்க ஒரிஜினல் எங்கிட்டத்தானுங்ணா இருக்குது. வயரைக் குடுங்க."

என் கையிலிருந்த வயரை அவனே பிடுங்கிச் செருகினான். வாசித்தேன். பழைய குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"பாத்தியா, இதான் நீ," என்றார் பாடகர். "அத்த ஏறக்கட்டு."

"அது செத்துப்போன வால்வு. குப்பைல போட்டாச்சு."

"செத்தவன் நல்லா பாடறான், உசுரோட கீறவன் கத்துறான். நா இன்னாபா பண்றது?"

டிரம்ஸ்காரன் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டான்.

எங்கள் ரேஷன் கடை மெஷின் என் விரலை எடுக்காது. லேத்தும் கிடார் கம்பியும் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இது நீங்க இல்லையாம் சார், வேற விரல் வைங்க," என்பார். பதிந்து வைத்தது நிஜம், எதிரே நிற்கிறவன் பொய். அரிசிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மேடையில் எதற்காகப் பொறுக்க வேண்டும்?

அன்று பொறுத்துக்கொண்டேன். வாங்கின வேலையை நடுவில் விடுகிறவன் இல்லை. பெட்டியில் வாசித்தேன், எல்லாரும் சாப்பிட்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தியில் கீபோர்டுக்காரனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஒருவன், வேறு ஏதோ குழுவில் கிடார் வாசிக்கிறவனாம், இலையைப் பார்த்தபடி அவனிடம், "ப்ரோ, சேக்காடு செம டோன் ப்ரோ. நாங்களும் அதான் யூஸ் பண்றோம்," என்றான்.

ரசத்தோடு இலையை மூடினேன். வெளியே வந்து கீபோர்டுக்காரனைப் பிடித்தேன்.

"யாரைக் கேட்டுக் குடுத்த? அழி அதை."

"எங்கிட்ட அழிச்சாலும் அவங்ககிட்ட இருக்குமுங்ணா. நல்லதுதானுங்களே, உங்க பேரு பரவுது."

"என் பேரா அது? ஊர் பேரு."

"கோவிச்சுக்காதீங்ணா. வேணும்னா புது வால்வையும் ஒரு காப்பி எடுத்துர்லாம்."

அறையாமல் விட்டதற்கு அவன் என்னைப் பாராட்ட வேண்டும்.

போன ஞாயிறு காலையில் வீட்டில் ஆம்ப்பைப் போட்டேன். குமிழ்களைத் திருப்பினேன். கூர்மையைக் குறைத்தேன், அடிச்சத்தத்தை ஏற்றினேன், கிடாரில் வால்யூமை இறக்கினேன். கொஞ்சம் குழைந்து வந்தது. ஆனால் அந்த ஓரத்துக் கிழிசல் வரவில்லை. இன்னும் திருப்பினேன். மனைவி எட்டிப் பார்த்து, "ரிப்பேரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னபோதுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கே உறைத்தது. நல்ல ஆம்ப்பை அந்தப் பெட்டி மாதிரி பேசு என்று காதைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பாடகர் போன் செய்தார்.

"வர்ற முகூர்த்தம் பூந்தமல்லில மச்சான். கிட்டாரு மட்டும் எட்த்துகினு வா. டியூப்லைட்டு வோணாம்."

"அது வந்தாத்தான் நான் வருவேன்."

"இன்னாபா, சேக்காடு பைலு கீது. வெரலுதானே வோணும்? ஆளா கெடைக்காது?"

"பாத்துக்கோங்க."

"அட, இர்ரா. காலைலயே இன்னாத்துக்குச் சூடாவுற?"

வைத்துவிட்டேன். ஆம்ப்பை அந்தப் பெட்டியால் மாற்ற முடியுமா என்று எவனாவது என்னிடம் கேட்டால், முடியும், மாற்றிவிட்டார்கள் என்றே சொல்வேன். கூடவே, யாருடைய எந்த நாளைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்றும் கேட்பேன். பூந்தமல்லி மேடையில் எவனோ ஒருவன் என் ஆம்ப்பின் சாகிற நாளை வாசிப்பான். அவனுக்கு அது தெரியாது. கேட்கிறவனுக்கும் தெரியாது. நான் போய்ச் சொல்லப் போவதில்லை.

குமிழ்களை எல்லாம் பழைய இடத்துக்குத் திருப்பினேன். வால்யூமை ஏற்றி வாசித்தேன். தகரத்தில் ஆணிதான். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். சாத்தட்டும்.