நார்த்தாமலைக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய பாலர் பள்ளி

அடுத்த மாதம் நார்த்தாமலைக் கோவிலைப் பார்க்கப் போகிறோம், எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது 1961ஆம் வருடத்து பஸ். பரவாயில்லை என்றால் மேலே படியுங்கள். அந்த வருடம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பக்கம் போனேன். கோவிலுக்கு இல்லை. ஒரு டீச்சரின் வேலைக்கு உலை வைக்கப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெட்ராசில் ஒரு வருடம் பாலர் கல்விப் பயிற்சி முடித்துவிட்டுத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் பாலர் பள்ளிகள் திறந்துகொண்டிருந்த காலம். அவற்றைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. புதுக்கோட்டை அன்றைக்குத் தனி மாவட்டம் இல்லை, எல்லாம் திருச்சி ஜில்லாதான். நான் பிறவிச் சந்தேகக்காரி. கடையில் தேங்காய் வாங்கினால்கூட மூன்று தடவை தட்டிப் பார்ப்பேன். இந்த வேலைக்கு அது நல்லதுதான் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். நார்த்தாமலைக்குப் பக்கத்தில், கல்லுடைக்கிறவர்கள் குடியிருக்கும் ஒரு சின்ன ஊரில் இருந்து அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. செல்லி என்கிற நாலு வயதுப் பிள்ளையை அங்குள்ள பாலர் பள்ளி டீச்சர் தினமும் கயிறு போட்டுக் கட்டுகிறாள், மதியமானால் பிள்ளைகள் எல்லாம் தரையில் விழுந்து கிடக்கின்றன, வந்து பார்த்தால் தெரியும் என்று ஆறே வரி. கையெழுத்து இல்லை. தாள் மட்டும் எனக்குப் பழக்கமானது. இடது பக்கம் சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை எங்கள் அலுவலகம்தான் பாலர் பள்ளிகளுக்கு அனுப்பும். அந்தப் பள்ளியில் வேலை செய்கிறவர்கள் இரண்டே பேர், டீச்சரும் ஆயாவும். டீச்சர் தன்மேல் தானே புகார் எழுதுவாளா? ஆக, ஆயா எழுதியிருக்கிறாள். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

காலை ஆறு நாற்பதுக்குத் திருச்சியில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். டிக்கெட் எண்பத்தோரு காசு. கண்டக்டர் இன்னும் பழைய கணக்கிலேயே இருந்தார், “பதிமூணணா கொடுங்கம்மா” என்றார். நயா பைசா வந்து நாலு வருடம் ஆகிறதே, இவர் ஏன் அணாவில் பேசுகிறார் என்று அவர்மேலும் ஒரு கண் வைத்துக்கொண்டேன். எட்டு ஐந்துக்கு நார்த்தாமலை விலக்கில் இறக்கிவிட்டார்கள். ரோட்டோரம் ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், மரத்தடியில் ஒரு ஒற்றை மாட்டு வண்டி. அவ்வளவுதான் ஊர்.

வண்டிக்காரர் பெயர் கருப்பையா. ஐம்பது வயதிருக்கும். மூன்று மைல் போய்வர ஒன்றேகால் ரூபாய் கேட்டார், ஒரு ரூபாய்க்குப் படிந்தது. வண்டி கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

“பன்னெண்டுக்குள்ள திரும்பிரணும்மா. அதுக்கு மேல அந்தப் பாதையில மாடு வராது.”

“ஏன் வராது?”

“மெரளும்மா. அதுக்குப் பழக்கமில்ல.”

வெயிலுக்கு எந்த மாடு மிரளும்? என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார் என்று தோன்றியது. டீச்சரைப் பற்றிக் கேட்டேன். “ஞானம் டீச்சரா? ஆவூர்ப் பக்கத்துப் பொண்ணு. நல்ல பொண்ணுதான்” என்றார். அந்த ‘தான்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ மென்று விழுங்குகிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். வழி நெடுக இரண்டு பக்கமும் யானை படுத்த மாதிரி மொட்டைப் பாறைகள். கோவில் இருக்கும் குன்றைத் தூரத்தில் காட்டினார். நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓடு போட்ட ஒரே அறை, பக்கத்தில் ஒரு சமையல் சாய்ப்பு. கூரையில் ஏழெட்டு ஓடுகள் உடைந்து, புதிதாக மாற்றியிருந்தார்கள். உள்ளே இருபத்து நாலு பிள்ளைகள். ஞானம் டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்து நின்றால் எந்த டீச்சரும் பதறுவாள். இவள் பதறவில்லை. ‘வாங்க’ என்று சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பன்னெண்டு வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்கம்மா.”

சாப்பாடு போட்டு என்னைச் சரிக்கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

வேலையில் குறை சொல்ல முடியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். புளியங்கொட்டையை எண்ண வைத்தாள், மண்ணில் எழுத வைத்தாள், ஒரு பிள்ளையையும் அதட்டவில்லை. கடிதத்தில் இருந்த செல்லியை உடனே கண்டுபிடித்துவிட்டேன். எல்லாரும் பாடும்போது அவள் மட்டும் மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு, ஒரு நொடி தாமதமாகக் கை தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. பிள்ளை பயந்துபோய்க் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பாருங்கள், ஒரு வருடம் சம்பளம் கொடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள் எனக்கு.

பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். ஆயா குஞ்சம்மாளின் பெயருக்கு எதிரே வரிசையாகக் கைநாட்டு. எழுதத் தெரியாதவள் எப்படிக் கடிதம் எழுதியிருப்பாள்? சரி, யாரிடமாவது தாளைக் கொடுத்து எழுதச் சொல்லியிருப்பாள். சந்தேகக்காரிக்குப் பதிலா கிடைக்காது.

பதினொன்றரை அடித்தது. ஆயா சமையல் சாய்ப்பில் இருந்து வந்தாள். பழைய சேலைக் கரையைக் கிழித்து முறுக்கிய ஒரு கயிறு அவள் தோளில் கிடந்தது, நாலு முழம் இருக்கும். என் கண்ணெதிரே, ஒரு கூச்சமும் இல்லாமல், ஒரு நுனியைச் செல்லியின் இடது மணிக்கட்டில் கட்டினாள். மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இது என்ன?” என்று கேட்டேன்.

“சொன்னா நம்ப மாட்டீங்கம்மா. இன்னும் அரை மணி நேரம்” என்றாள் டீச்சர்.

பார்வையாளர் பதிவேட்டை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்ட புத்தகம், ஒரு தாளைக் கிழித்தால் வேலை போய்விடும். பேனாவில் எழுதினேன். “குழந்தையைக் கயிற்றில் கட்டுவதை நேரில் கண்டேன். இந்த ஆசிரியை பொறுப்புக்கு அருகதையற்றவர். உடனே விலக்கப் பரிந்துரைக்கிறேன்.” கீழே கையெழுத்து, தேதி. மணி பதினொன்று நாற்பது. அப்போது வாசலில் கருப்பையா தலை நீட்டினார்.

“போவம்மா. நேரமாச்சு.”

அங்கேதான் என் புத்தி எனக்கு உதவியது, தப்பான வழியில் என்றாலும். இவர் ஏன் என்னைப் பன்னிரண்டுக்கு முன்னால் கிளப்பத் துடிக்கிறார்? மதியம் பிள்ளைகள் தரையில் கிடக்கின்றன என்று கடிதத்தில் இருக்கிறதே. இவரும் கூட்டு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் போவேன் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு மாட்டை அவிழ்த்து எங்கிட்டோ ஓட்டிக்கொண்டு போனார்.

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம். பாறைப் பக்கமிருந்து தண்டவாளத் துண்டை யாரோ தட்டும் சத்தம், மூன்று தடவை. பிள்ளைகள் புளியங்கொட்டையை அப்படியே போட்டார்கள். ஓடிப்போய் மேற்குச் சுவரோரம் வரிசையாகக் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். செல்லி மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆயா கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்து, நுனியை விட்டுவிட்டாள். செல்லி திரும்பிப் பார்த்தாள், எழுந்து ஓடினாள், படுத்தாள். டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

பாறையில் கல்லுடைக்க வைத்த வேட்டு வெடித்தது.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. கூரையில் இருந்து தூசி கொட்டியது. ஓட்டின் மேல் கல் விழுந்து உருண்டு போவது கேட்டது. பிள்ளைகளின் முதுகு அத்தனையும் ஒன்றாகத் துள்ளியது, ஒரு முதுகைத் தவிர. செல்லி காதில் இருந்து ஒரு கையை எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். தரை அதிர்வது உள்ளங்கையில் பட்டதோ என்னவோ, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. டீச்சர் தலையில் விழுந்த தூசியைத் தட்டிவிட்டுப் பேசினாள்.

“இவளுக்குக் காது கேக்காதுங்கம்மா. பொறந்ததுலேருந்தே கேக்கல போலருக்கு. வீட்டுல அசமந்தம்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. வேட்டுக்கு இவ மட்டும் அசையாம இருந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. தெக்க ஒரு ஊர்ல இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்காம். ஒங்க ஆபீஸ்லேருந்து லெட்டர் கொடுத்தாத்தான் சேப்பாங்களாம்.”

“அதுக்கென்ன அவசரம்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வைகாசியில அஞ்சு வயசு முடியுது. அதுக்கு மேல இங்க வச்சுக்க முடியாது. கைப்புள்ளையப் பாத்துக்க இவ ஆத்தா கூடவே பாறைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவா. அங்க மூணு தட்டு தட்டுவான், எல்லாரும் ஓடுவாங்க. இவளுக்கு யாரும்மா கயிறு இழுப்பா?”

அலுவலகத்துக்கு எழுத வேண்டியதுதானே என்றேன். “போன ஆடியிலேருந்து மூணு கடுதாசி போட்டேம்மா. பேரு, கையெழுத்து எல்லாம் போட்டு. பதிலே வரல” என்றாள். அப்போதுதான் பையில் இருந்த ஆறு வரிக் கடிதம் ஞாபகம் வந்தது. எடுத்து நீட்டினேன். ஆயா குனிந்து சாணி மெழுகிய தரையைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“நான்தான் எழுதினேன்.”

“ஒங்க வேலை போயிருக்குமே.”

“போயிருக்கும். நல்லதா எழுதின மூணுக்கும் யாரும் வரல. கெட்டதா ஒண்ணு எழுதினேன், பத்து நாள்ல வந்துட்டீங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பதிவேட்டை மறுபடி திறந்து, நான் எழுதியதற்குக் கீழே இன்னொரு பத்தி எழுதினேன். “மேலே உள்ளது பன்னிரண்டு மணிக்கு முன் எழுதியது. முழுக்கத் தவறு. தவறு ஆசிரியையுடையது அல்ல, என்னுடையது.” கிழிக்க முடியாத புத்தகம், இரண்டும் அங்கேயே இருக்கட்டும். ஒரு மணிக்கு அவர்கள் போட்ட சோளக் கஞ்சியைக் குடித்தேன். கருப்பையா மாட்டோடு திரும்பி வந்தார். விலக்கு வரைக்கும் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன், கேட்கவில்லை. பேசியதற்கு மேலே கால் ரூபாய் கொடுத்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பீரோவைத் திறந்து அந்த மூன்று கடிதங்களைத் தேடினேன். எந்தச் சோம்பேறி குமாஸ்தா இதை அமுக்கி வைத்தான் என்று பார்க்க வேண்டும், பெயரோடு மேலே எழுத வேண்டும் என்று வெறி. அடித்தட்டில் இருந்தன, சிவப்புக் கோடு போட்ட தாள், அதே கையெழுத்து. மூன்றின் மூலையிலும் நீல மையில் எழுதியிருந்தது: “பார்த்தேன். கோப்பில் வைக்க.” கீழே சுருக்கொப்பம். மூன்றும் என்னுடையவை.

அன்று மாலையே சிபாரிசுக் கடிதத்தை நானே டைப் அடித்து, நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஆனி மாதம் செல்லி தெற்கே பள்ளிக்கூடம் போனாள். அவளுடைய அம்மா பஸ் ஏற்றிவிட வந்திருந்தாள் என்று ஞானம் டீச்சர் எழுதியிருந்தாள். பெயர், கையெழுத்து எல்லாம் போட்டு. அந்தக் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். திருச்சியில் இருந்து காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், பாறை சூடேறிவிட்டால் செருப்பில்லாமல் குன்றில் கால் வைக்க முடியாது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பஸ் கட்டணத்தை என்னிடம் கேட்காதீர்கள், கண்டக்டரிடம் கேளுங்கள், அவரை நம்பலாம். கோவிலைப் பார்ப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். பிள்ளைகள் இருக்கும் பள்ளி எதையாவது பார்த்து ரிப்போர்ட் எழுதப் போகிறவர்கள், வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பன்னிரண்டு மணி வரைக்கும் இருங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிளம்புகிற அன்று காலையில் உங்கள் பீரோவின் அடித்தட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.